குட்டிக்குத் தாடி

"நகம் வெட்டிட்டியா?" என்று கேட்டான் மனூசோஸ்.

"வெட்டிட்டேன்."

"கால் நகம்?"

"கால் நகத்தைத்தான் சொல்றேன்."

"அப்போ இந்த வருஷம் பத்து நிமிஷம் மிச்சம். குட்டி மீசையோட நின்னுடும்."

மலை இறங்குகிறவர்கள் முந்தின நாளே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மணி நேரம் கட்டைவிரல் பூட்ஸின் முனையில் முட்டி, சாயங்காலத்துக்குள் நகம் கறுத்துப்போகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் கணவன்தான். அவனிடம் நல்லதும் இருந்தது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

லெஃப்டினன்ட், நேற்று நீங்கள் ஒன்று சொன்னபோது நான் சிரித்தேன். புருஷனைப் பறிகொடுத்தவள் சிரிக்கிறாளே என்று உங்கள் முகம் மாறிவிட்டது. ஏன் சிரித்தேன் என்று எழுதச் சொல்லி, இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். அதை மட்டும் எழுதினால் உங்களுக்குப் புரியாது. நீங்கள் வடக்கே லாரிசாவிலிருந்து வந்தவர். எங்கள் தீவில் யார் எந்தப் பாட்டுக்குச் சிரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

என் பெயர் அர்ஜிரோ. வயது நாற்பத்தொன்பது. மனூசோஸ் எங்கள் ஊரில் ஆணி, கம்பி, பெயின்ட் விற்கும் கடை வைத்திருந்தான். ஒரே மகள் ரொதான்தி, தெசலோனிக்கியில் படிக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு மே மாதமும், கல்யாண நாள் அன்று, பள்ளத்தாக்கில் இறங்குவோம். மேலே மரப்படிகளில் தொடங்கி, பதினாறு கிலோமீட்டர் கல்லிலும் ஓடையிலும் நடந்தால் கீழே கடல். அங்கிருந்து வெளியே வர ரோடு கிடையாது. ஐந்தரை மணிக்குப் படகு.

'இறங்குவோம்' என்று எழுதியது தவறு. அவன் இறங்குவான். பிறகு நான் இறங்குவேன்.

அவன் எப்போதும் நூறு அடி முன்னால் போவான். ஏதாவது ஒரு திருப்பத்தில் பாறைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான், பாலாடைக்கட்டி தின்பான், காட்டு ஆடுகளைப் பார்ப்பான். நான் மூச்சிரைக்க வந்து பத்து அடி தூரத்தில் தெரிந்ததும், "வந்துட்டியா? சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவான். பார்க்கிறவர்களுக்கு மனைவிக்காக நிற்கிற கணவன் மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவன் பத்துத் தடவை உட்கார்ந்தான். நான் ஒரு தடவைகூட உட்காரவில்லை. இருபத்துநாலு வருஷம் அந்தப் பள்ளத்தாக்கை நான் இளைப்பாற உட்காராமல் நடந்திருக்கிறேன்.

பள்ளத்தாக்கில் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். சந்தையில், கோயிலில், ஆஸ்பத்திரி நடையில், எங்கும் அவன் முதுகைத்தான் பார்த்தேன். என் அம்மாவைப் புதைக்கப் போன அன்று சவப்பெட்டிக்குப் பின்னால் அவன் போனான். அவனுக்குப் பின்னால் நான் போனேன். இறந்தது என் அம்மா.

இனி பாட்டு. எங்கள் பக்கம் விருந்தில் ராக்கிச் சாராயம் இரண்டு சுற்று வந்துவிட்டால் ஆண்கள் இரண்டு வரிப் பாட்டுக் கட்டுவார்கள். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதற்கு அதைவிட மரியாதையான வழி கிடையாது. கோபித்துக்கொண்டால் கோபித்தவருக்குத்தான் அவமானம். கல்யாணமான மூன்றாவது வருஷம், அவன் அக்கா மகனுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று, மனூசோஸ் என்னைப் பார்த்துக்கொண்டே பாடினான்:

"என் பொண்டாட்டி கிளம்புறப்போ ஆடு குட்டி போடும்,
அவ வந்து சேரும் நேரத்துல குட்டிக்குத் தாடி ஆடும்."

நல்ல பாட்டு. அதை மறுக்க முடியாது. எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அது எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ரொட்டிக் கடையில், "என்ன அர்ஜிரோ, தாடி வந்துடுச்சா?" என்பார்கள். ரொதான்தி நாலு வயதில் முழுதாகப் பாடிய முதல் பாட்டு அதுதான். அவனே சொல்லிக்கொடுத்தான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் நடுவழியில் என் கணுக்கால் பிசகியது. கூப்பிட்டேன். அவன் திருப்பம் தாண்டிப் போய்விட்டான். இரண்டு மணி நேரம் ஓடையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வழியாக வந்த ஜெர்மன்காரர்கள் கீழே போய்ச் சொல்ல, பூங்காக் காவலர்கள் கோவேறு கழுதையோடு ஏறி வந்தார்கள். கடற்கரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது படகு போய்விட்டது. மனூசோஸ் மீன் சாப்பிட்டு முடித்திருந்தான். என் தட்டை என் பக்கம் தள்ளினான்.

"ஆறிப்போச்சு. சாப்பிடு. உன்னால படகும் போச்சு."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். இல்லை என்று சொல்லமாட்டேன். மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அப்புறம் கேட்டான்.

அன்றிலிருந்து அவனிடம் கேட்க வேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது. மிகச் சின்னது. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்ப்பேன். கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழியில் சொல்லிப் பார்ப்பேன். அவன் மறுத்துவிடுவான் என்று நான் பயப்படவில்லை. அதையும் இரண்டு வரிப் பாட்டாக்கிவிடுவானோ என்றுதான் பயந்தேன். பிறகு ரொட்டிக் கடையில் அதையும் என்னிடம் திருப்பிப் பாடுவார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஏழு மணிக்கு மேல் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். நுழைவுச் சீட்டு வாங்கியதும் அவன் தன்னுடையதை என்னிடம் நீட்டினான். "நீ வச்சுக்கோ. நான் தொலைச்சுடுவேன்." வருஷா வருஷம் சொல்வதுதான். அந்தச் சீட்டைக் கீழ் வாசலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேலே கொடுத்த சீட்டு அத்தனையும் கீழே வந்துவிட்டதா என்று சாயங்காலம் எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அந்த ஆளைக் கண்டுபிடிக்கும் வரை காவலர்கள் தேடுவார்கள்.

வாசலில் ஒரு பலகையும் இருந்தது. புதன், வியாழன் கனமழை, பள்ளத்தாக்கு மூடப்படும் என்று எழுதியிருந்தது. நான் நின்று வாசித்தேன். அவன் அதற்குள் படியில் இறங்கிவிட்டான்.

ஆளில்லாத பழைய ஊரைத் தாண்டி ஒரு மணி நேரம் நடந்தால் பாதை வளைந்து போகும். அந்த வளைவைச் சுற்றாமல் அவன் எப்போதும் கயிற்றுத் தடுப்பைத் தாண்டிப் பாறைச் சரிவில் குறுக்கே இறங்குவான். நான் பாதையிலேயே வருவேன். அன்று வளைவில் என் பெயர் கேட்டது. அவன் என்னை "ஏய், வா" என்றுதான் கூப்பிடுவான். அதனால் வேறு யாரோ என்று முதலில் நினைத்தேன்.

"அர்ஜிரோ. இங்க. பாறைக்குப் பின்னாடி."

ஓடைச் சத்தத்தில் பாதையில் போகிற யாருக்கும் அது கேட்டிருக்காது. எனக்கு அவன் குரல் பழக்கம். கயிற்றைத் தாண்டி இறங்கிப் பார்த்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அந்த ஆழத்தில் செல்போன் எடுக்காது.

"ஓடு. கீழ் வாசல்ல சிஃபிஸ்கிட்ட சொல்லு. ஆளுங்களும் கழுதையும் வரட்டும்."

"தண்ணி குடிக்கிறியா?"

"தண்ணி கிடக்கட்டும். ஓடுன்னு சொல்றேன். உன் நடையில போனா, அவங்க வர்றதுக்குள்ள எனக்கே தாடி முளைச்சுடும்."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். இருந்தாலும் கடைசி வார்த்தையில் கொஞ்சம் சிரித்தான். பாட்டு சரியாக வந்து விழுந்ததில் அவனுக்குத் திருப்தி.

நான் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. என் பையை அவன் தலைக்கு அடியில் வைத்தேன். என் தண்ணீர், காய்ந்த ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் கைக்கு எட்டும்படி வைத்தேன். என் மேல்கோட்டைப் போர்த்திவிட்டேன். பிறகு அவனிடம் ஒன்று சொன்னேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அங்கிருந்து இரண்டு மணி நேர நடை. நான் என் நடையில் நடந்தேன். ஊற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாக்கெட்டில் கிடந்த ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றேன். இருபத்தைந்தாவது வருஷத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் முதல் தடவையாக இளைப்பாற உட்கார்ந்தேன். பக்கத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு ஜோடி. அந்தப் பெண் பூட்ஸ் நாடாவைக் கட்டி முடிக்கும் வரை அவள் கணவன் அவள் பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கீழ் வாசலில் சீட்டு வாங்கும் காவலன் சிஃபிஸ் இருந்தான். மனூசோஸோடு பட்டாளத்தில் இருந்தவன்.

"வா அர்ஜிரோ. ஆடு குட்டி போட்டுடுச்சா?"

இரண்டு சீட்டையும் நீட்டினேன். அவன் வாங்கி எட்டிப் பார்த்தான்.

"எங்க அவன்? எனக்கு ஒரு வணக்கம்கூட வைக்காமப் போயிட்டானா?"

"அவன் எப்பவும் முன்னாடி போறவன்தானே."

"கழுதைக்குத் தண்ணி காட்டப் போனேன், அப்போ நழுவியிருப்பான். ராக்கி வாசனை அடிச்சிருக்கும். போ, போ. குட்டிக்குத் தாடி வந்துடப் போகுது."

சொல்லிவிட்டு இரண்டு சீட்டையும் பெட்டியில் போட்டான்.

சிஃபிஸைத் தண்டித்துவிடாதீர்கள். இருபத்துநாலு வருஷமாக மனூசோஸ் கையை ஆட்டிவிட்டு வாசலைத் தாண்டிப் போவான். பின்னால் வருகிற நான் இரண்டு சீட்டையும் கொடுப்பேன். இது ஊருக்கே தெரியும். வேறு எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் இப்படி வந்திருந்தால் சிஃபிஸ் சந்தேகப்பட்டிருப்பான். எங்களைச் சந்தேகப்பட வழியில்லாமல் செய்தது மனூசோஸ்தான்.

படகுக்கு நேரம் மிச்சமிருந்தது. சூடாக மீன் வாங்கிச் சாப்பிட்டேன். படகில் ஏறியதும் ரொதான்தி கூப்பிட்டாள்.

"கல்யாண நாள் வாழ்த்துக்கள்மா. அப்பா எங்க?"

"முன்னாடி நிக்கிறாரு. படகு முனையில."

"வேற எங்க நிப்பாரு," என்று சிரித்தாள்.

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

புதனும் வியாழனும் மழை விடவே இல்லை. ஜன்னல்களைச் சாத்தினேன். மழையில் யாரும் ஆணி வாங்க வரமாட்டார்கள், அதனால் கடை பூட்டியிருந்ததை யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளும் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். அவன் தட்டு ஆறிப்போனதும் எடுத்துக் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை பள்ளத்தாக்கு வாசலைத் திறந்ததும் பாதையைச் சரிபார்க்கப் போன கழுதைக்காரர் அவனைக் கண்டுபிடித்தார். நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். வியாழன் மத்தியானம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னீர்கள். கையில் ஒரு கல் இருந்தது, பக்கத்துப் பாறையில் அதால் தட்டித் தட்டி வெள்ளையாகக் குழி விழுந்திருக்கிறது என்றீர்கள். அப்போதும் நான் அழவில்லை, சிரிக்கவுமில்லை. பிறகு, அடையாளம் காட்ட வரும்போது நான் பயந்துவிடக் கூடாதே என்று, நல்ல மனதோடு ஒன்று சொன்னீர்கள். "தினமும் ஷேவ் பண்றவர்னு சொன்னாங்க. இப்போ ரெண்டு நாள் தாடி இருக்கும்மா. கொஞ்சம் வேற மாதிரி தெரிவார்."

அதற்குத்தான் சிரித்தேன்.

அதிர்ச்சியில் புத்தி பேதலித்துப்போய் மறந்துவிட்டேன் என்று எழுதச் சொல்கிறார் என் வக்கீல். நான் எதையும் மறக்கவில்லை. சீட்டு எதற்கு என்று தெரியும். பலகையில் என்ன எழுதியிருந்தது என்று தெரியும். இரண்டு சீட்டையும் கொடுத்தால் யாரும் தேடமாட்டார்கள் என்று தெரிந்துதான் கொடுத்தேன். வாசல் வரை நடந்த அந்த இரண்டு மணி நேரமும் எனக்கு அது தெரியும்.

ஆனால் அவனைக் கைவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். மழை விட்டதும் போகத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வேறொரு பையில் எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் கதவைத் தட்டியபோது பூட்ஸ் நாடாவைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். என் நடையில் போயிருப்பேன், போய்ச் சேர்ந்திருப்பேன். அவன்தான் வழக்கம்போல முந்திக்கொண்டான்.

பாறைக்குப் பின்னால் அவனிடம் சொன்னது இதுதான். மேல்கோட்டைப் போர்த்தி, கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவன் கண்ணைப் பார்த்தேன். அவனால் எழுந்து போக முடியாது. பாட்டுக் கட்டவும் மூச்சில்லை. பதினாலு வருஷமாகப் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்ததை, பயமில்லாமல், நிதானமாகக் கேட்டேன்.

"எனக்காக ஒரே ஒரு தடவ காத்துக்கிட்டு இரு, மனூசோஸ்."