ஓரத்து வானம்

— அந்தக் காலத்துல என்னைப் பார்த்து ஒரு நட்சத்திரம் கண்ணடிச்சுது. அதுவும் கல்யாணமான நட்சத்திரம், ஜோடி பக்கத்துலயே நிக்குது.

— ஆரம்பிச்சுட்டீங்களா. கண்ணுல மருந்து விட்டிருக்கு, தலையை ஆட்டாதீங்க.

— ஒண்ணு பூசணிக்காய் மாதிரி பெரிய நட்சத்திரம், இடுப்பைச் சுத்தி வாயு வட்டம். அதைச் சுத்தி வர்ற இன்னொண்ணு சுருங்கிச் செத்துப்போன நட்சத்திரம், வெறும் கடுகு, ஆனா காரம் சாகல. அது வட்டத்துக்குள்ள பாஞ்சா காமாக் கதிரே தெறிக்கும். பாயறதுக்கு முன்னாடி நம்ம எக்ஸ்ரே தொலைநோக்கியில ஒரு துள்ளு துள்ளுச்சு பாரு, எனக்காகவே.

— சூரியத் துகள் டிடெக்டர்ல மோதியிருக்கும். வெறும் இரைச்சல், நட்சத்திரத்துலேருந்து வந்தது இல்லைன்னு அன்னிக்கே சொன்னேன்.

— சொன்னே. நம்ம ஆராய்ச்சி ஆபீஸ் மொத்தமும் உன் பக்கம் சாஞ்சுது, சுவத்துப் பல்லி உட்பட. அப்படியும் உன்னைக் கட்டிக்கிட்டேனே, என் தைரியத்தைப் பாரு.

— இந்தப் புளுகு மூட்டையைக் கட்டிக்கிட்ட என் தைரியம் அதைவிடப் பெருசு.

— சரி, கடுகு சுத்தி வந்து மறுபடி பூசணிக்காய்கிட்ட வந்திருக்கே. புது செயற்கைக்கோள்ல பிடிச்சதை ஆபீஸ் பசங்க அனுப்பினாங்களா?

— வந்தாச்சு. திறந்துதான் வெச்சிருக்கேன்.

— படி. எனக்குத் திரை வெறும் மூட்டமாத் தெரியுது.

— கண்ணு சரியானதும் நீங்களே பாருங்களேன்.

— சரியாகும்னு டாக்டரே சொல்லல, உனக்குத் தெரியும். நீயே படி. கெழவன் பாவம்னு பொய் மட்டும் சொல்லிடாதே.

— உங்களுக்காக ஒரு தடவையாவது பொய் சொல்லியிருக்கேனா? நீங்க பாடினப்பகூட நல்லா இருக்குன்னு சொன்னதில்ல.

— அந்தக் கருணையில்லாத நாக்கை நம்பித்தான் கேக்குறேன்.

— எக்ஸ்ரே அளவைக் காட்டுற கோடு சமமாப் போகுது. சமமாவே போகுது. இருங்க... வட்டத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு ஏத்தம் இருக்கு.

— பாத்தியா. மலை மாதிரியா?

— மூக்கு மாதிரி. அதுக்குள்ள குதிக்காதீங்க. துகள் இரைச்சல்னா, படத்தோட ஓரத்துல இருக்குற வெறும் வானத்தோட கோடும் கூடவே ஏறியிருக்கணும். நம்ம பழைய கருவியால ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியல. இதால முடியும்.

— அப்ப ஓரத்தைப் பாரு... கையை எதுக்குப் பிடிக்குறே? ஏறிடுச்சா? பரவால்ல, சொல்லு. இத்தனை வருஷம் தாங்கினவன் இதையும் தாங்குவேன்.

— வெறும் வானம் அசையவே இல்லைங்க. கடுகு மட்டும்தான் துள்ளியிருக்கு. அன்னிக்கும் நீங்க பாத்தது நிஜமாவே நடந்திருக்கு.