சங்கிலியைக் கழற்றச் சொன்னது நான்தான்

கராஜ் கதவுக்கு மோட்டார் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்பார்கள். அந்தக் கதவுக்கு மேலே இருக்கும் அறையில் யார் படுக்கிறார்கள் என்று யோசிக்கிறவர்கள் குறைவு. என் தம்பி யோசிப்பான். கதவு மோட்டார் மாட்டுவதுதான் அவன் தொழில். ஒரு வீட்டு கராஜுக்குள் நுழைந்தால் முதலில் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். நேற்று அவன் போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் வந்து, தன்னுடைய கவனக்குறைவால்தான் அப்பா செத்துப்போனார் என்று சொன்னானாம். அதில் உண்மை இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உட்காருங்கள் சார், நிதானமாகவே சொல்கிறேன்.

மோட்டாரில் இரண்டு வகை உண்டு. பழைய வகை கூரையின் நடுவில் தொங்கும். அதிலிருந்து கதவுவரை ஒரு நீளத் தண்டவாளம், அதற்குள் சங்கிலி. சங்கிலி இழுக்க இழுக்கக் கதவு மேலே ஏறும். எங்கள் வீட்டில் முதலில் இருந்தது அதுதான். அது ஓடும்போது வீடே பல்லைக் கடிப்பதுபோல் இருக்கும். என் படுக்கையறை அதற்கு நேர் மேலே. கட்டில் உதறும், மேசைமேல் வைத்த மூக்குக்கண்ணாடி தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து நிற்கும். புதிய வகை கூரையில் தொங்காது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டியாக உட்கார்ந்துகொண்டு, கதவின் தலைக்கு மேலே இருக்கும் தண்டை நேராகச் சுழற்றும். சங்கிலி கிடையாது, அதிர்வு கிடையாது. கதவு மூடியதும் பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் தானே விழும், திறக்கும்முன் தானே விலகும். அந்தத் தாழ்ப்பாள் மட்டும் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும், அவ்வளவுதான்.

அப்பா பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றுப் பல காலம் ஆன பிறகு, அவருக்கு மட்டும் வேலை திரும்ப வந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் போதும், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வாசல் கதவைப் பூட்டிச் சாவியை நான் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். ஆனால் சமையலறை வழியாக கராஜுக்குப் போய்விடுவார். அங்கே சுவரில் ஒரு பொத்தான், இருட்டிலும் மினுக்கிக்கொண்டிருக்கும். பெற்ற பிள்ளையின் முகம் மறந்துபோன மனிதருக்கு அந்தப் பொத்தான் மறக்கவில்லை.

பொத்தானைத் தட்டியதும் சங்கிலி அலறும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. நான் மாடியிலிருந்து விழுந்தடித்து ஓடி வருவேன். அப்பா பாதி ஏறிய கதவுக்கு முன்னால், வெளியே குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

"டூட்டிக்கு நேரமாச்சு. டிப்போல தேடுவாங்க."

"இன்னைக்கு உங்களுக்கு லீவுப்பா. போன் வந்துச்சு."

"அப்படியா? யாரு பேசினது?"

"மேனேஜரே பேசினாரு."

மேனேஜர் என்றதும் அடங்கிவிடுவார். கையைப் பிடித்தால் பேசாமல் கூட வருவார். சில மாலைகளில் இது ஒரு தடவையோடு முடியும். சில மாலைகளில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, படியேறி, கட்டிலில் கால் நீட்டும்போதே மறுபடி அலறும். எனக்கு அப்பாமேல் கோபம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. களைப்பு இருந்தது. களைப்பையும் கோபத்தையும் நான் குழப்பிக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. அப்பாவுக்கு நான் யார் என்று தெரியாது. சம்பளத்துக்கு வைத்த ஆள் என்று நினைத்துக்கொண்டார். குளிப்பாட்டி விட்டால், "நல்லா இரும்மா, உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தால் மட்டும் முகம் அப்படியே மலரும். "வாடா ராஜா" என்பார். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னைக் காட்டிச் சொல்வார்: "இந்த அம்மா நல்லா பாத்துக்குதுடா. சம்பளத்த மட்டும் இழுத்தடிக்காத, பாவம்." தம்பி சிரிப்பான், நானும் சிரிப்பேன். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, வேறென்ன. அவன் போனதும் தட்டுகளைக் கழுவுவேன். ஒரு நாள் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, நான் உங்கள் மகள், உங்கள் மூத்த மகள் என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "எம் பொண்ணு சின்னக் கொழந்தைம்மா, ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்றார். அது எனக்கு வலித்தது. வலித்தது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அதன் பிறகுதான் தம்பியிடம் சுவர் மோட்டார் மாட்டித் தரச் சொன்னேன். அவன் சம்மதிக்கவில்லை.

"அக்கா, சத்தம் இருந்துட்டுப் போகட்டும். அந்தச் சத்தம்தான் நமக்குக் காவல்."

"உனக்கென்னடா, ஞாயித்துக்கிழமை விருந்தாளி. ஒரு நாளாவது நான் கண்ண மூடணும்."

அவன் முகம் தொங்கிப்போய்விட்டது. அவனிடம் எதைத் தொட்டால் எது கழலும் என்று எனக்குத் தெரியும், நான் வளர்த்த பிள்ளைதானே. அடுத்த வாரமே வந்து சங்கிலியைக் கழற்றி, தண்டவாளத்தை இறக்கி, சுவர் மோட்டாரை மாட்டினான். ஆனால் அவன் முட்டாள் இல்லை. மோட்டாரிலிருந்து ஒரு கம்பியை என் அறைவரை இழுத்து, தலைமாட்டில் ஒரு மணி வைத்தான். கதவு அசைந்தால் மணி அடிக்கும். "இதுல வீடு அதிராதுக்கா, ஆனா உனக்குத் தெரிஞ்சுரும்" என்றான். நான்தான் இன்னொன்றும் கேட்டேன். திறந்த கதவு கொஞ்ச நேரத்தில் தானே மூடிக்கொள்கிற மாதிரி வைக்கச் சொன்னேன். குளிர்காலத்தில் கதவு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் வீடு ஐஸ்பெட்டி ஆகிவிடுமே. நியாயமான காரணம். அதையும் செய்து கொடுத்தான்.

பொத்தானைப் பூட்டி வைக்கவும் அதில் வழி இருந்தது. ஒரு விசையை அழுத்திப் பிடித்தால், அப்பா எத்தனை தட்டினாலும் கதவு அசையாது. தம்பி இரண்டு தடவை செய்து காட்டினான், நானும் செய்து காட்டினேன். அவன் போனபின் நான் அதைப் பூட்டியதே இல்லை.

மணி கொஞ்ச நாள் ஒழுங்காக அடித்தது, நானும் ஒழுங்காக இறங்கி வந்தேன். பிறகு ஒரு பகலில், அப்பா குட்டித்தூக்கம் போடும்போது, கராஜில் ஏணி வைத்து ஏறி, மணிக் கம்பியைப் பிடித்திருந்த திருகைக் கத்தி முனையால் தளர்த்திவிட்டேன். பிடுங்கி எறியவில்லை. தொட்டால் கழன்று வரும் அளவுக்கு மட்டும். திட்டம் போட்டாயா என்றால், அது பெரிய வார்த்தை சார். அப்பாமேல் நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை. வீட்டிலிருந்த சத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

அன்று காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லா வீட்டு ஜன்னலும் சாத்திக் கிடந்தது. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, நான் மாடிக்குப் போனேன். நான் தூங்கிவிட்டேன் என்று முன்பு உங்களிடம் சொன்னேன். நீங்களும் எனக்காக வருத்தப்பட்டீர்கள். நான் தூங்கவில்லை. மணி அடிக்கவில்லை, ஆனால் கீழே தாழ்ப்பாள் 'டக்' என்று விலகியது என் காதில் விழுந்தது. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். வெறும் சட்டையோடு, கையை வீசிக்கொண்டு, வேலைக்குப் போகிற மனிதராக நடந்து போனார். பின்னால் கதவு இறங்கி மூடிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தம்பிக்குப் போன் செய்து, அப்பாவைக் காணவில்லை என்றேன். கார் வந்து நின்றதும் அவன் போட்ட சத்தம் எனக்கு மாடிவரை கேட்டது. அப்பா கராஜ் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், மடியில் பனி. நீங்கள் எல்லாம் வந்து போனபின் தம்பி ஏணியில் ஏறி மணிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். அது அவன் கையோடு வந்துவிட்டது. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அவசரமாக அதைத் திரும்பச் செருகி, திருகை முடுக்கிவிட்டு, இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சரியாக முடுக்காமல் விட்டது தான்தான் என்று நினைத்துக்கொண்டான். நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் எந்த வீட்டுக்கும் மோட்டார் மாட்டப் போவதில்லை. பிள்ளை பாதி உடம்பாகிவிட்டான். அந்தக் கனத்தைத்தான் நேற்று உங்களிடம் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான்.

எனக்கு இப்போது தூக்கம் வருகிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பொழுது சாய்ந்தால் சங்கிலி ஓடுகிறது. கட்டில் உதறுகிறது, கண்ணாடி நகர்கிறது. என் கால் என்னைக் கேட்காமலே படி இறங்குகிறது. கீழே போய் விளக்கைப் போட்டால், கூரையில் பழைய மோட்டார் தொங்கிய இடத்தில் ஓட்டைகள்தான் இருக்கின்றன. கதவு மூடியபடி இருக்கும். ஆனாலும் நான் "இன்னைக்கு லீவுப்பா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் மேலே வருகிறேன். சொல்லாமல் வந்தால் மறுபடி ஓடும். எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. பயத்தோடு மனிதர்கள் எத்தனையோ காலம் இருந்துவிடுகிறார்கள்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. அப்பா வழி தெரியாமல் திரிந்து, கடைசியில் வந்து கதவடியில் விழுந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அவர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். நான் அப்போதும் ஜன்னலை விட்டு நகரவில்லை. தெருவிளக்கைத் தாண்டி நேராக எங்கள் வீட்டுக்கே வந்து, தகரக் கதவை விரல் முட்டியால் தட்டினார். நான் ஓடினேன் சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். படி இறங்கி ஓடிப்போய்ப் பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டேன். அப்போதுதான் கூப்பிட்டார்.

"பாப்பா. பாப்பா, அப்பா வந்திருக்கேன். கதவத் தொறம்மா."

சின்ன வயதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். தம்பி பிறக்கும் முன்னால். அந்தப் பெயரை நான் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை, வேலை முடிந்து வந்து வாசலில் நிற்கிறவரின் குரல் அப்படியே. குளிரோ என்னவோ, எதுவோ அவருக்கு என்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கதவைத் திறந்தால் உள்ளே வருவார், துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு, உங்கள் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் விரலை எடுத்துவிட்டேன். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கூப்பிடக் கூப்பிட, இன்னும் ஒரே ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் மெலிந்து நின்றுபோன பிறகும் நின்றேன்.

தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவனுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. அப்பா அன்று அவனைக் கூப்பிடவே இல்லை, என்னைத்தான் கூப்பிட்டார்.