உப்புக்கு எழாத டூக்கன்

– இன்னும் கொஞ்சம் உப்பு எடு, செனூரு. இந்த டூக்கன் பறவையோட அலகுக்குள்ள வச்சுப் பாக்குறேன்.

– மூணு தடவ வச்சாச்சுங்க. கழுத்து தொங்கிருச்சு. கீழ வைங்க.

– எளநஞ்சு அம்புதானடி ஊதுனேன். மயங்கி விழும், கிரீடத்துக்கு நெஞ்சுல நாலு மஞ்ச எறகப் பிடுங்கிட்டு உப்பு வச்சா எந்திரிச்சுப் பறந்துரும். எத்தன டூக்கன அப்படிப் பறக்க விட்டிருக்கேன், ஒண்ணுகூட சாகலையே.

– இது இனி எந்திரிக்காதுங்க.

– கொரங்குக்கு வச்சிருந்த கடுநஞ்சு அம்ப எடுத்துட்டேன் போல. கண்ணு அவிஞ்சு போச்சு எனக்கு. மரத்துல அதோட சோடி கத்துது பாரு. காலையில ஒண்ணு பழத்தப் பறிச்சு இன்னொண்ணுக்கு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு.

– போதும், சொல்லாதீங்க.

– வெறுந்தலையோடயோ, செத்ததோட எறகுல கட்டுன கிரீடத்தோடயோ இன்னொருத்தன் வாசல்ல போய் நிக்க முடியுமா? பகையோட வந்திருக்கான்னு ஈட்டியத்தான் தூக்குவான். டூக்கனக் கொன்ன ஊதுகுழல் இந்தப் பருவத்துல இன்னொரு டூக்கனத் தொடவும் கூடாது. இனி அடுத்த பழக்காலந்தான்.

– உங்க கண்ணு மேல தப்பில்லங்க.

– பின்ன?

– அம்ப மாத்தி வச்சது நான்.

– பொம்பள கை படக்கூடாத அம்புக்கூடுடி அது.

– தெரியும். தெரிஞ்சேதான் மாத்துனேன். ‘தாயிஷ் ரெண்டாவது பொண்டாட்டி தேடிக் கெளம்பப்போறான்’னு ஆத்தங்கர பூரா உங்களப் பத்தித்தான் பேச்சு. கிரீடம் கட்டிக்கிட்டு எங்க போகப்போறீங்கன்னு எத்தன நாள் கேட்டேன், வாயத் தொறந்தீங்களா?

– நெனச்ச காரியத்த வேட்டைக்கு முன்னாடி வாய்விட்டுச் சொன்னா பறவ சிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?

– வயிறு எரியுறப்ப அதெல்லாம் எங்க ஞாபகம் வருது? எங்கண்ணனுக்கும் உங்களுக்கும் பகைன்னு ஏழு வருஷமா அம்மா மொகத்தக்கூடப் பாக்காம உங்களையே நம்பிக் கெடக்கேன். கிரீடம் இல்லாட்டி போகமாட்டீங்கன்னு நெனச்சேன். சோடி இப்படிக் கத்தும்னு நெனைக்கல. பாவி நான். திட்டணும்னா திட்டிருங்க.

– திட்டி என்னடி ஆகப்போகுது.

– இப்பவாவது சொல்லுங்க. யார் வீட்டுக்குப் போறதா இருந்தீங்க?

– உங்கண்ணன் வீட்டுக்கு. பகைய முடிச்சு உன்னக் கூட்டிட்டுப் போகலாம்னு. உங்கம்மா படுத்த படுக்கையாம், அடுத்த பழக்காலம் வரைக்கும் தாங்காதாம்.