நாலுக்கு முன்னாடி அஞ்சு

வீரராகவன்: மூணாவது பாகம்லாம் ஒரு படமா? பறக்கற டைனோசரு பஸ்ஸ தூக்கிகினு போவுதாம். உள்ள கீற டிரைவரு அப்பவும் ஆரன் அடிக்கறானாம்.

வேம்புலி: மூணாவது பாகம் பாத்துட்டீங்களா சார்?

வீரராகவன்: நான் எங்க பாத்தேன்? ரேகா அவங்க அம்மாகிட்ட சொல்லிகினு இருந்துச்சி. காதுல உழுந்துச்சி.

வேம்புலி: ஓ...

வீரராகவன்: இன்னா ஓ? ஊட்டுல பேப்பர் படிக்கறவன் காத கழட்டி ஆணியிலயா மாட்ட முடியும்?

வேம்புலி: நான் ஒண்ணுமே சொல்லலியே சார்.

வீரராகவன்: உன் மூஞ்சி சொல்லுது.

வேம்புலி: மூஞ்சி அப்டித்தான் சார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவன். அண்ணாந்து பாத்துப் பாத்து அப்டியே நின்னுடுச்சி.

வீரராகவன்: ...உள்ள இட்டுகினு போயி எவ்ளோ நேரம் ஆவுது?

வேம்புலி: காலையில போனது. உங்க ஊட்டம்மாவும் எங்க ஊட்டம்மாவும் பிரசவ வார்டு கதவாண்டயே நிக்கறாங்க. எதுனா ஒண்ணுன்னா ஓடி வந்து சொல்லிடுவாங்க.

வீரராகவன்: உம் பையன் எங்க?

வேம்புலி: அருளா? மருந்து சீட்டு குட்த்தாங்க, வாங்கிகினு வரப் போயிருக்கான். உங்க மருமவன்னும் சொல்லலாம்...

வீரராகவன்: சொல்லலாம். நான் சொல்லல.

வேம்புலி: சரி. நானே சொல்லிக்கிறேன்.

வீரராகவன்: புள்ளைங்க ரெண்டும் ஓடிப்போயி தாலி கட்டிகினு வந்ததுல இருந்து நாம ஒரு வார்த்த பேசனதில்ல. இன்னிக்கி ஆஸ்பத்திரி பெஞ்சுல குந்திகினு டைனோசர் கத பேசறோம். எவனாவது பாத்தா சிரிப்பான்.

வேம்புலி: வேற இன்னா சார் பேசறது? கல்யாணத்த பத்தி பேசனா நீங்க எழுந்து போயிடுவீங்க. சாதியப் பத்தி பேசனா நான் எழுந்து போயிடுவேன். டைனோசருன்னா ரெண்டு பேரும் குந்தலாம்.

வீரராகவன்: ம்...

வேம்புலி: அந்தப் பொண்ணு முழுவாம இருந்தப்ப மாங்கா கேக்கல, சாம்பலு கேக்கல. டைனோசர் படம் கேட்டுச்சி. மூணு பாகம் நெமிலிச்சேரில, எங்க ஊட்டுல ஓடுச்சி. வளகாப்பு முடிஞ்சி கள்ளிக்குப்பம் வந்துச்சி, மிச்சம் மூணு உங்க ஊட்டுல ஓடுச்சி.

வீரராகவன்: வளகாப்புக்கு நான் வரல.

வேம்புலி: தெரியும் சார். உங்களுக்குன்னு மொத வரிசையில ஒரு சேர் போட்டு வெச்சிருந்தோம். கடைசில எங்க தெரு பூன வந்து குந்திச்சி.

வீரராகவன்: பூனையா?

வேம்புலி: நல்ல பூன. சாப்பாடு முடியற வரைக்கும் எழுந்திரிக்கல. யார் கூடயும் பேசவும் இல்ல. அச்சு அசல் உங்கள மாதிரியே.

வீரராகவன்: ரொம்ப பேசற நீ... ஆனா ஒண்ணு. நல்ல பாகம்லாம் எங்க ஊட்டுலதான் ஓடுச்சி.

வேம்புலி: அத மட்டும் ஒத்துக்க மாட்டேன் சார். மொத பாகம் மாதிரி வருமா? பனிமலைக்குள்ள முட்ட. மனுசன் அத திருடிகினு போறான். நொண்டிக் காலோட அந்தத் தாயி எறங்கி வந்து ஊரூரா தேடுது. அதான் கத. மத்ததெல்லாம் யாவாரம்.

வீரராகவன்: ரெண்டாவது?

வேம்புலி: ரயிலு. பாலைவனத்துல ரயில தொரத்தும். நம்ம அரக்கோணம் லோக்கல் மாதிரி, எவ்ளோ தொரத்தனாலும் நிக்கவே நிக்காது.

வீரராகவன்: ஹ... ஹா...

வேம்புலி: சிரிச்சிட்டீங்க.

வீரராகவன்: இருமல். மூணாவதுதான் மட்டம்னு சொல்லிட்டேன்.

வேம்புலி: ஏன் சார் மட்டம்? குட்டி பெருசாயி வேற கூட்டத்தோட போயிடும். தாயி கோச்சிகினு மலை மேல ஏறி நின்னுடும். எறங்கவே எறங்காது. எங்க ஊட்டம்மா சொர்ணம் அழுதுட்டா தெரியுமா?

வீரராகவன்: தாயிக்கு கோவம் வராதா? சொல்லாம கொள்ளாம போனா?

வேம்புலி: வரும். யாரு இல்லன்னா? ஆனா புல்லு கீழ கீது, தண்ணி கீழ கீது, குட்டியும் கீழ கீது. மேல எத்தினி நாளைக்கி சார் நிக்கும்?

வீரராகவன்: நீ படத்த சொல்றியா, வேற எதுனா சொல்றியா?

வேம்புலி: படத்தத்தான் சார்.

வீரராகவன்: சாராம் சாரு. நான் இன்னா ஹெட்மாஸ்டரா?

வேம்புலி: எங்க அப்பா உங்க அப்பாவ ஆண்டேன்னு கூப்ட்டாரு. வரப்புல நின்னுகினு. நான் சாருன்றேன், பக்கத்துல குந்திகினு. அதுக்கு அடுத்தது இன்னான்னு நீங்கதான் சொல்லணும்.

வீரராகவன்: ...அந்தக் கழனியே இப்ப இல்ல. பிளாட்டு போட்டு வித்தாச்சி.

வேம்புலி: தெரியும். அங்க ஒரு அபார்ட்மெண்டுக்கு லிஃப்ட் மோட்டார எறக்கனதே நான்தான். எங்க அப்பா நாத்து நட்ட எடம்.

வீரராகவன்: சரி, சரி... படத்துக்கு வா. நாலாவதுக்கு இன்னா கொறச்சல்?

வேம்புலி: நாலு நல்ல படம்தான்.

வீரராகவன்: நல்ல படமா? அதான்யா படம்! அஞ்சுல அண ஒடஞ்சி தண்ணி வருது. குட்டிய மூக்காலயே முட்டி முட்டி மேட்டுல ஏத்தி உட்டுட்டு, நொண்டித் தாயி தண்ணியோட போயிடுது. செத்துச்சி, அவ்ளோதான் கதன்னு நாங்க எல்லாம் கண்ண தொடச்சிகினு எழுந்திரிச்சா... நாலாவதுல வந்து நிக்கிது பாரு! மலைய உட்டு எறங்கி, நொண்டிகினே, குட்டியாண்ட வந்து நிக்கிது. செத்தத திரும்ப கொண்டாந்தான் பாரு, அவன்தான் டைரக்டரு!

வேம்புலி: இருங்க சார், இருங்க. ‘நாங்க எல்லாம்’னா?

வீரராகவன்: அவங்க எல்லாம்.

வேம்புலி: அஞ்சுல செத்தது நாலுல எப்டி வரும்?

வீரராகவன்: அதான் திறம.

வேம்புலி: நாலு மொதல்ல சார். நாலுல மலைய உட்டு எறங்கும். அதுக்கு அப்பறம்தான் அஞ்சுல...

வீரராகவன்: எங்க ஊட்டுல அஞ்சுதான் மொதல்ல ஓடுச்சி.

வேம்புலி: அது எப்டி? நாலு கீற பென் டிரைவத்தான மொதல்ல கவர்ல போட்டு உங்க கேட்டுல மாட்டனது... பையன். ஊட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே, அதான் கேட்டுல.

வீரராகவன்: கவரெல்லாம் எம் பொண்டாட்டி எல்லம்மா எடுத்துகினு வருவா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மொத கவரு மட்டும் ஒரு வாரம் பரண் மேல கெடந்துச்சி. மறந்துட்டிருப்பா.

வேம்புலி: பரண் மேல. உங்க ஊட்டம்மா கையி எட்டாதே சார்?

வீரராகவன்: ஸ்டூலு போட்டா எட்டும்!

வேம்புலி: எட்டும், எட்டும். சரி, ஆறாவதுல அந்தத் தாயி எங்க?

வீரராகவன்: ஆறுலயா? ஆறுல... ஊருக்கு போயிருக்கும்.

வேம்புலி: ஊருக்கா!

வீரராகவன்: ஏன், ஒரு கல்யாணம் காட்சின்னு போவக் கூடாதா?

நர்ஸ் ஷர்மிளா: ரேகா கூட வந்தவங்க யாரு?

வீரராகவன்: நான்தாம்மா.

வேம்புலி: நாங்கதான் சிஸ்டர்.

நர்ஸ் ஷர்மிளா: பிரஷர் ஏறிகிட்டே இருக்கு. குழந்தையோட துடிப்பும் கொறையுது. டாக்டர் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் வந்து கையெழுத்து போட்டுட்டாரு. நீங்க எங்கயும் போயிடாதீங்க.

வீரராகவன்: எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதேம்மா?

நர்ஸ் ஷர்மிளா: சாமிய வேண்டிக்கங்க ஐயா. நாங்க பாத்துக்கறோம்.

வேம்புலி: குந்துங்க சார். குந்துங்க.

வீரராகவன்: தண்ணி கீதா?

வேம்புலி: பாட்டில் கீது... ஆனா எங்க ஊட்டுல புட்ச்சிகினு வந்தது. இருங்க, கடையில ஒண்ணு வாங்கிகினு...

வீரராகவன்: குடுய்யா.

வேம்புலி: மெதுவா... மெதுவா சார். சட்டையெல்லாம் ஊத்திக்கிறீங்க.

வீரராகவன்: வேற்காட்டாத்தா... தாயே...

வேம்புலி: நான் காலையிலயே வேண்டிகினேன். நல்லபடியா பெத்து பொழச்சா ரெண்டு பேருக்கு மொட்ட.

வீரராகவன்: எந்த ரெண்டு பேரு?

வேம்புலி: நீங்களும் நானும்தான்.

வீரராகவன்: என்ன கேக்காமயா?

வேம்புலி: உங்களுக்கு அங்க எடுக்கறதுக்கு இன்னா சார் பெருசா கீது? ஆத்தா கோச்சிக்க மாட்டா.

வீரராகவன்: இந்த நேரத்துலயும் உனக்கு... ரெண்டு மாசமா எங்க ஊட்டுல கீதுய்யா அந்தப் புள்ள. நான் ஒரு வார்த்த பேசல. டிவிய போட்டுட்டு, ‘நைனா, சத்தத்த கொறைக்கட்டுமா?’ன்னு கேக்கும். நான் பேப்பர திருப்புவேன். அதுவே கொறச்சிக்கும். அவ்ளோதான் எங்க பேச்சு.

வேம்புலி: ஒண்ணா குந்தி படம் பாத்தீங்கல்ல?

வீரராகவன்: பேப்பருக்கு மேல.

வேம்புலி: அதுவும் அதுக்கு தெரியும். ‘எங்க நைனா ஒரே பக்கத்த படம் முடியற வரைக்கும் படிக்கறாரு மாமா’ன்னு போன்ல சொல்லி சிரிச்சிச்சி.

வீரராகவன்: சிரிச்சிதா?

வேம்புலி: சிரிச்சிச்சி சார். கோவமே இல்ல.

வீரராகவன்: ...வேம்புலி.

வேம்புலி: சார்.

வீரராகவன்: அந்த நொண்டித் தாயி... நெசமாவே செத்துடுச்சா? சொல்லுய்யா. நாலுக்கு அப்பறம்தான் அஞ்சுன்னியே.

வேம்புலி: இல்ல சார். நான்தான் மாத்தி சொல்லிட்டேன்.

வீரராகவன்: மாத்தியா?

வேம்புலி: வயசாவுதில்ல? பென் டிரைவ்ல பேர மாத்தி எழுதிட்டானுங்க. உங்க ஊட்டுல ஓடுன வரிசதான் கரெக்டு. மொதல்ல தண்ணியோட போவும். பாக்கறவங்க எல்லாம் பயந்துடுவாங்க. அப்பறம் எழுந்து வந்து குட்டி பக்கத்துல நிக்கும். அதான் முடிவு.

வீரராகவன்: கண்டிப்பா?

வேம்புலி: கண்டிப்பா.

வீரராகவன்: ஆத்தா மேல சத்தியமா?

வேம்புலி: சினிமாவுக்கெல்லாம் எதுக்கு சார் ஆத்தாவ கூப்டுகினு? அவளுக்கு உள்ள வேல கீது.

வீரராகவன்: ...நாலுதான் நல்ல பாகம்.

வேம்புலி: நாலுதான் சார். மொத பாகம்லாம் அப்பறம்தான்.

வீரராகவன்: கதவு தொறக்குது.

வேம்புலி: அந்த சிஸ்டருதான்.

வீரராகவன்: மூஞ்சிய பாத்து சொல்லு. என்னால முடியல.

வேம்புலி: சிரிக்கறாங்க சார்.

நர்ஸ் ஷர்மிளா: பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வீட்டுக்காரரும் அம்மாங்களும் பாத்துட்டாங்க. இப்ப உங்கள்ல ஒருத்தர் மட்டும் வந்து பாக்கலாம். யாரு வரீங்க?

வீரராகவன்: நீ போ.

வேம்புலி: நீங்க போங்க.

வீரராகவன்: உன் பேரு சொல்லப் போற கொழந்த. நீதான் மொதல்ல பாக்கணும். போ.

நர்ஸ் ஷர்மிளா: யாராவது ஒருத்தர் வாங்க. எனக்கு வேல இருக்கு.

வேம்புலி: சார். எறங்கற நேரம் இதான். எறங்குங்க.

வீரராகவன்: படத்த சொல்றியா?

வேம்புலி: இல்ல சார். இப்ப படத்த சொல்லல.

வீரராகவன்: ...வரேம்மா. எந்தப் பக்கம்?

வேம்புலி: செருப்ப கழட்டிட்டு போங்க சார்!

வேம்புலி: ...இன்னா சார், அதுக்குள்ள வந்துட்டீங்க?

வீரராகவன்: பாத்தேன். உம் மூக்குதான். பாவம்.

வேம்புலி: ரேகா?

வீரராகவன்: படுத்துகினு கீது. மயக்கம் இன்னும் முழுசா தெளியல. கொழந்த வீல்னு கத்துச்சி. அதுக்கு அந்த மயக்கத்துலயும், ‘நைனா, சத்தம் ஜாஸ்தியா கீதா?’ன்னுச்சி.

வேம்புலி: நீங்க இன்னா சொன்னீங்க?

வீரராகவன்: ‘இருக்கட்டும்மா. கொறைக்க வேணாம்’னேன்... நீ எதுக்கு இப்ப அழற?

வேம்புலி: இருமல் சார்.

வீரராகவன்: ம்... ஏழாவது பாகம் ஒண்ணு வந்துகீதாமே?

வேம்புலி: வந்துகீது. பச்ச ஒடம்போட தியேட்டருக்கா போவ முடியும்? டிவிக்கு வரட்டும். பொண்ணு இன்னும் அஞ்சு மாசம் உங்க ஊட்டுலதான இருக்கப்போவுது. பையன்கிட்ட சொல்றேன், எப்பவும் போல கேட்டுல...

வீரராகவன்: கேட்டுல மாட்ட வேணாம். உள்ள வாங்க.

வேம்புலி: அருள உள்ள உடுவீங்களா!

வீரராகவன்: மருமவப் புள்ள வந்து நெஞ்ச நிமுத்திகினு உள்ள குந்தட்டும். நான் சொன்னது உங்கள. அவன் எப்ப வந்தான் கேட்டுல மாட்ட? வெளக்கு வெக்கற நேரத்துல, தெரு முனையிலயே வண்டிய ஆஃப் பண்ணிட்டு, திருடன் மாதிரி தள்ளிகினு வந்து, கவர மாட்டிட்டு, ஹெல்மெட்ட கூட கழட்டாம போனது யாருன்னு எனக்கு தெரியாதா? ஒவ்வொரு தடவையும் ஜன்னலாண்ட நின்னு பாத்துகினுதான் இருந்தேன், சம்பந்தி.

வேம்புலி: நானும்தான் சம்பந்தி. உள்ள லைட்ட போட்டுகினு ஜன்னலாண்ட நின்னா, ரோட்டுல இருந்து பாக்க சினிமா மாதிரி தெரியும். நீங்க எறங்கி வந்து, நாலு பக்கமும் பாத்துட்டு, கவர சட்டைக்குள்ள வெச்சிகினு போற வரைக்கும் முனையிலயே நின்னு பாத்துட்டுதான் வண்டிய எடுப்பேன். அது ஒண்ணுக்காவதான் பையன அனுப்பாம நானே வந்துகினு இருந்தேன்.