பேடு மட்டும் போதும்

மாமா: ...அதெல்லாம் வேணாம் மாப்ள. பேடு மட்டும் போடு, போதும்.

மெக்கானிக்: மாமா, நான் இன்னும் சக்கரத்தையே முழுசா கழட்டல.

மாமா: கழட்டினா உள்ள புதையலா இருக்கப் போகுது? முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் பிரேக் பேடு. அவ்வளவுதான். கடையில ரெண்டு கோட்டு காஜா போடாம கிடக்கு, நான் போகணும்.

மெக்கானிக்: ஒருத்தர் பழைய கோட்டைக் கொண்டு வந்து லைனிங் மட்டும் மாத்துன்னா, மேல் துணி நைஞ்சிருக்கான்னு பாக்காமயே தைப்பீங்களா?

மாமா: அது வேற. கோட்டு மேல உக்காந்து யாரும் ஓட்டறதில்ல.

மெக்கானிக்: அதைத்தான் நானும் சொல்றேன். சக்கரம் கழண்டுடுச்சு, இங்க வந்து குனிஞ்சு பாருங்க. இந்த வட்டத் தட்டுதான் டிஸ்க். சக்கரத்தோட சேந்து சுத்தும். நீங்க மிதிச்சா பேடு ரெண்டு பக்கமும் வந்து இதைக் கவ்வும்...

மாமா: எனக்கே பாடமா? உங்க அக்காவை நான் கட்டும்போது நீ டவுசர் போட்டுக்கிட்டு டயர் உருட்டிட்டிருந்தவன்.

மெக்கானிக்: அந்த டவுசரும் நீங்க தச்சதுதான். ஒரு கால் நீளமா இருக்கும்.

மாமா: துணி மேல தப்பில்ல. உன் கால் அப்படி.

மெக்கானிக்: சரி, விரலை வெச்சு ஓரத்தைத் தடவுங்க. என்ன தெரியுது?

மாமா: லேசா... மடிச்சுத் தச்ச மாதிரி.

மெக்கானிக்: மடிப்பு இல்ல மாமா, மேடு. நடுவுல அவ்வளவும் தேஞ்சு பள்ளமாயிடுச்சு. ஆமா, கடைசியா பேடு எப்ப மாத்தினோம்?

மாமா: இருக்கும்... ஒரு வருஷம்.

மெக்கானிக்: அஞ்சு மாசம். நான்தானே மாத்தினேன். வீட்டுக்கும் கடைக்கும் நாலு கிலோமீட்டர். வாடகைக் கார் ஓட்டறவனுக்கே இப்படித் தேயாது. அப்படி எங்கதான் பிரேக் பிடிக்கறீங்க?

மாமா: ரோடு அப்படிடா. ஆளுங்க குறுக்க வராங்க, மாடு வருது...

மெக்கானிக்: உங்க ரூட்ல மாடா?

மாமா: நீ அளக்கறதுன்னா அள. பேச்சை வளக்காத.

மெக்கானிக்: இதோ அளந்துட்டேன். புதுசுல இருபத்தி ரெண்டு மில்லி கனம். இருபதுக்குக் கீழ போனா மாத்துன்னு ஓரத்துலயே பொறிச்சிருக்கான். இங்க பத்தொம்பதுகூட இல்ல.

மாமா: ஒரு மில்லிக்கா இந்தக் கூப்பாடு? நான் இடுப்புல ஒரு இன்ச் விட்டுத் தைக்கறவன்.

மெக்கானிக்: இடுப்பு விரிஞ்சா பிரிச்சு விடலாம். இது விரிசல் விட்டா விட்டதுதான். பிரேக் மிதிக்கும்போது பெடல் கால்ல துடிக்குதா?

மாமா: கொஞ்சம்.

மெக்கானிக்: வண்டி நினைச்ச இடத்துல நிக்குதா?

மாமா: அந்த ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கட்டா?

மெக்கானிக்: மாமா.

மாமா: உங்க அக்காகிட்ட சொல்லக் கூடாது. நேத்து பள்ளிக்கூடத்து இறக்கத்துல ஒரு சைக்கிள் குறுக்க வந்துச்சு. மிதிச்சேன். நின்னுது. ஆனா... நான் நினைச்ச இடத்துல நிக்கல. சைக்கிளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு சாண்.

மெக்கானிக்: ஒரு சாணா? இதுக்கு அப்புறமும் பேடு மட்டும் போடுன்னு சொல்றீங்க?

மாமா: புது பேடு போட்டா கவ்விக்கும்.

மெக்கானிக்: உங்களை... இருங்க, போன் வருது. பார்ட்ஸ் கடை அண்ணன். பாக்கி விஷயமா இருக்கும், பின்பக்கம் போய்ப் பேசிட்டு வரேன். எதையும் தொடாதீங்க. ... சொல்லுங்கண்ணே.

அக்கா: யாருடா உனக்கு அண்ணன்?

மெக்கானிக்: ஒரு நிமிஷம்ணே, கஸ்டமர் நிக்கறார்... ம், வெளிய வந்துட்டேன். இப்ப சொல்லுக்கா.

அக்கா: டிஸ்க்கைக் கழட்டிட்டியா?

மெக்கானிக்: கழட்டப் போறேன். உனக்கு எதுக்கு டிஸ்க் கவலை?

அக்கா: கழட்டாத. பேடு மட்டும் போடு.

மெக்கானிக்: என்ன, புருஷனும் பொண்டாட்டியும் கூடிப் பேசிட்டு வந்தீங்களா? அவரும் இதையேதான் ஒப்பிக்கறார்.

அக்கா: அவரே வேணாம்னுட்டாரா? அப்பாடா. அவர் செலவுக்குப் பயந்து சொல்லியிருப்பார். எதுக்கோ... நல்லதாப் போச்சு. வெச்சிடறேன்.

மெக்கானிக்: வெக்காத. ஏன்னு சொல்லு.

அக்கா: போன தடவை நீதானே சொன்னே? பழைய டிஸ்க்ல புது பேடு சரியா உக்காராது, கிரீச்சுன்னு கத்திக்கிட்டேதான் இருக்கும், ரெண்டையும் சேத்து மாத்தினாதான் சத்தம் நிக்கும்னு.

மெக்கானிக்: ஆமா.

அக்கா: சத்தம் நிக்கக் கூடாது.

மெக்கானிக்: அக்கா... உடம்பு கிடம்பு சரியில்லையா?

அக்கா: ரெண்டு வருஷமா அந்தச் சத்தத்தை வெச்சுத்தான்டா நான் குடித்தனம் பண்றேன். தெருமுனையில கிரீச்சுன்னு கேக்கும். அப்புறம் வாசல் வரைக்கும் வந்து, வண்டியை நிறுத்தி, பூட்டி, ரெண்டு மாடி ஏறி அவர் மணி அடிக்க... எண்பது எண்ணலாம். அந்த எண்பதுக்குள்ள நான் எல்லாத்தையும் முடிச்சாகணும்.

மெக்கானிக்: எதை முடிச்சாகணும்?

அக்கா: மகாராணியைக் கூடையில வெச்சு, பால்கனி வழியா கயித்துல இறக்கி, கீழ் வீட்டு டீச்சரம்மா கையில சேக்கணும். கிண்ணத்தைக் கழுவணும். நாற்காலியைத் தட்டி விடணும்.

மெக்கானிக்: மகாராணின்னா... அந்த வெள்ளைப் பூனையா? அதை மாமா அன்னிக்கே தூக்கிட்டுப் போய் எங்கயாவது விட்டுடச் சொன்னாரே.

அக்கா: சொன்னார்.

மெக்கானிக்: நீயும் விட்டுட்டு வந்தேன்னு சொன்னியே.

அக்கா: நானும் சொன்னேன்.

மெக்கானிக்: அடிப்பாவி. ரெண்டு வருஷமா?

அக்கா: பின்ன என்ன பண்ணச் சொல்றே? யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையோட கறுப்புக் கோட்டுல நாலு வெள்ளை முடி ஒட்டியிருந்துச்சு, அந்த ஆள் கோட்டை மூஞ்சியில விட்டெறிஞ்சான். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதுக்காக, அது இருக்கணும் இல்ல நான் இருக்கணும்னு வீடு நிறைய ஆளுங்களை வெச்சுக்கிட்டா சொல்லுவாங்க? நீயும்தான் பக்கத்துல நின்னு தலையாட்டினே.

மெக்கானிக்: நான் சும்மா ஆட்டினேன்.

அக்கா: நூலகம் விட்டு நாலு மணிக்கு வந்தா இந்த வீட்ல எனக்கு வேற யார்டா இருக்கா? அது பாட்டுக்கு அவர் நாற்காலியில தூங்கும். நான் பேப்பரை சத்தமாப் படிச்சுக் காட்டுவேன். இப்பல்லாம் கிரீச்சுன்னு கேட்டதும் அதுவே எழுந்து போய் கூடையில உக்காந்துக்குது, தெரியுமா? அந்த அளவுக்குப் பழகியிருக்கு. நீ பாட்டுக்கு சத்தத்தை நிறுத்திட்டேன்னா...

மெக்கானிக்: நீ கேட்டு நான் எதையும் இல்லைன்னதில்ல. ஆனா இது முடியாதுக்கா.

அக்கா: நல்ல பேடா, விலை ஒசந்ததா போடேன். நான் தரேன்.

மெக்கானிக்: பேடுல இல்ல விஷயம். தட்டு தேஞ்சு போச்சு. மெல்லிசாயிட்டா சூடு தாங்காது, எந்த நிமிஷமும் விரிசல் விடும். நேத்தே...

அக்கா: நேத்தே? நேத்து என்ன?

மெக்கானிக்: ஒண்ணுமில்ல.

அக்கா: டேய், என்கிட்டயா?

மெக்கானிக்: சொல்லக் கூடாதுன்னார். பள்ளிக்கூடத்து இறக்கத்துல வண்டி நிக்காம போயிருக்கு. முன்னாடி ஒரு சைக்கிள். ஒரு சாண் இடைவெளியில நின்னுச்சாம்.

அக்கா: சைக்கிள்ல யாரு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?

மெக்கானிக்: நான் கேக்கல. எனக்குக் கேக்கவே தைரியமில்ல.

அக்கா: நேத்து ராத்திரி சாப்பாட்டுல கை வெச்சுட்டு எழுந்துட்டார். கேட்டா பசிக்கலன்னார். ... மாத்துடா.

மெக்கானிக்: டிஸ்க்கையா?

அக்கா: டிஸ்க்கை மாத்து, வேற எது எது மாத்தணுமோ எல்லாத்தையும் மாத்து. எனக்கு மகாராணி வேணும்டா, ரொம்ப வேணும். ஆனா அந்த மனுஷன் முழுசா வீட்டுக்கு வரணும். டீச்சரம்மா போன மாசமே கேட்டாங்க, எங்க வீட்லயே இருக்கட்டுமேன்னு. கொடுத்துடறேன். கீழ் வீடுதானே... போகும்போது வரும்போது பாத்துக்கறேன்.

மெக்கானிக்: அழறியா?

அக்கா: வெங்காயம் நறுக்கறேன்.

மெக்கானிக்: நூலகத்துலயா?

அக்கா: வாயை மூடிட்டு வேலையைப் பாரு. அவர்கிட்ட பூனைங்கற பேச்சை எடுத்தே, தொலைச்சுடுவேன்.

மெக்கானிக்: எடுக்கல. வெச்சிடறேன், பார்ட்ஸ் கடைக்கு டிஸ்க் சொல்லணும். ... வந்துட்டேன் மாமா.

மாமா: என்னடா, உங்க பார்ட்ஸ் கடை அண்ணன் கதாகாலட்சேபம் பண்றாரா?

மெக்கானிக்: டிஸ்க் இருக்காம். ரெண்டும் அரை மணியில வந்துடும்.

மாமா: யார் கேட்டா? நான்தான் வேணாம்னேனே.

மெக்கானிக்: மாமா, காசுதான் யோசனைன்னா விடுங்க. டிஸ்க் என் கணக்கு.

மாமா: காசைப் பத்தி யார் பேசினா? எனக்கு... அந்த டிஸ்க் பழகிடுச்சு.

மெக்கானிக்: டிஸ்க் பழகிடுச்சா?

மாமா: சரி, லேத்துல ஏத்தி லேசா சீவிக் கொடேன். சமமாயிடாது?

மெக்கானிக்: சீவறதுக்கு அதுல சதை இல்ல. ஏற்கனவே எலும்பும் தோலுமா இருக்கு.

மாமா: சரி... புதுசு போட்டா, அந்தச் சத்தம்...

மெக்கானிக்: சுத்தமா போயிடும். வண்டி வர்றது பக்கத்துல நிக்கறவனுக்குக்கூட தெரியாது.

மாமா: சுத்தமாவா?

மெக்கானிக்: சுத்தமா.

மாமா: கொஞ்சம்கூட வராதா?

மெக்கானிக்: ஏன் மாமா, வரணுமா?

மாமா: தெருவுல பசங்க பந்து விளையாடறாங்க. சத்தம் கேட்டாத்தான் ஒதுங்குவாங்க.

மெக்கானிக்: அதுக்குத்தானே ஹாரன் வெச்சிருக்கான்?

மாமா: சொந்தத் தெருவுல ஹாரன் அடிச்சா மரியாதையா இருக்காது. அக்கம்பக்கம் என்ன நினைக்கும்?

மெக்கானிக்: கிரீச்சுன்னு தெருவையே கூட்டறது மட்டும் மரியாதையா? எனக்கு ஒண்ணும் புரியல. வழக்கமா மெக்கானிக் ஏமாத்தறான்னு கஸ்டமர் சண்டை போடுவான். இங்க நான் இனாமா தரேங்கறேன், நீங்க வேணாம்னு மல்லுக்கு நிக்கறீங்க. இது சரிப்படாது, அக்காவையே கூப்பிடறேன்.

மாமா: ஏய், அவளை எதுக்கு... போனை வை.

மெக்கானிக்: மணி அடிக்குது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அக்கா, மாமா பக்கத்துல இருக்கார். டிஸ்க் மாத்த மாட்டேன்னு அடம் பிடிக்கறார். நீயே சொல்லு.

அக்கா: என்னங்க, அவன் சொல்றபடி கேளுங்க. டிஸ்க்கை மாத்திடுங்க.

மாமா: நீயா சொல்றே?

அக்கா: நான்தான் சொல்றேன்.

மாமா: மாத்தினா சத்தம் போயிடுமாம்.

அக்கா: போகட்டும்.

மாமா: சுத்தமா போயிடுமாம். தெருமுனை திரும்பும்போது ஒண்ணும் கேக்காது.

அக்கா: ...கேக்காட்டி என்ன.

மாமா: நல்லா யோசிச்சுதான் பேசறியா?

அக்கா: யோசிச்சுட்டேங்க. நீங்க பத்திரமா வந்தா போதும். நேத்து நடந்தது எனக்குத் தெரியும்.

மாமா: மாப்ள, உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன். ... சைக்கிள்ல வந்தது சின்னப் பிள்ளை. அது திரும்பி என்னைப் பாத்து சிரிச்சுட்டுப் போச்சு. எனக்குத்தான் ராத்திரி சாப்பிடவே தோணல.

அக்கா: அதான் சொல்றேன், மாத்திடுங்க.

மாமா: மாத்தறேன். அது சரி, மகாராணியை என்ன பண்ணப் போறே?

மெக்கானிக்: நான் ஒண்ணும் சொல்லலக்கா. சத்தியமா நான் வாயே திறக்கல.

அக்கா: எ... எந்த மகாராணிங்க?

மாமா: ஒரு நாள் வண்டியை இவன்கிட்ட விட்டுட்டு நடந்து வந்தேனே, அன்னிக்கு மாடி ஏறி, கதவு பக்கத்து ஜன்னல் வழியா பாத்தேன். அது என் நாற்காலியில தூங்குது, நீ அதுக்கு வானிலை அறிக்கை படிச்சுக் காட்டிட்டிருக்கே. அவ்வளவு பேர் முன்னாடி வீராப்பாப் பேசிட்டு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உள்ள வர்றது? திரும்பிப் போய் டீக்கடையில அரை மணி நேரம் உக்காந்துட்டு, இதோ வரேன்னு போன் பண்ணினேன். அன்னிலேர்ந்து தினமும் தெருமுனையில தொடங்கி வாசல் வரைக்கும் பிரேக்லேர்ந்து காலை எடுக்காம வரேன், கூடை கீழ இறங்க நேரம் வேணாமா? டிஸ்க்தான் என்ன பண்ணும், என் முட்டியே தேஞ்சு போச்சு. வண்டி இங்கயே இருக்கட்டும், இன்னிக்கு நடந்துதான் வருவேன். நாற்காலியில தூங்கறவளை எழுப்பாத, நான் ஸ்டூல்ல உக்காந்துக்கறேன்.