தப்பா போட வேண்டிய கணக்கு

அட, விடை தெரிஞ்சாலும் சொல்லிடாதீங்க நர்ஸம்மா! மாத்திரை கொஞ்சம் முன்னப் பின்ன ஆனாக்கூடப் பரவாயில்ல, இதுல கோட்டை விட்டுடாதீங்க.

காலைல டீ குடிச்சதும் கணக்கு சொல்லுவா. என் வீட்டுக்காரி ரிட்டயர் ஆகுற வரைக்கும் கணக்கு டீச்சர்ல, மத்ததெல்லாம் மறந்துபோச்சு, இது மட்டும் போகல. ஒரு பையில அஞ்சு காசும் பத்து காசுமா இருபது நாணயம், மொத்தம் நூத்தி நாப்பது காசு, அஞ்சு காசு எத்தனை? தினமும் இதேதான்.

என்ன, அல்ஜீப்ரான்னாலே அலர்ஜியா? நல்லதாப் போச்சு போங்க! அஞ்சு காசு எக்ஸ், பத்து காசு இருபது மைனஸ் எக்ஸ். அதுவரைக்கும் சரியா எழுதுங்க. அப்புறம் அஞ்சாலயும் பத்தாலயும் பெருக்காம, ரெண்டையும் அப்படியே கூட்டி நூத்தி நாப்பதுன்னு போட்டுடுங்க. உடனே பிடிச்சுக்குவா. எண்ணிக்கை வேற, மதிப்பு வேற, எத்தனை தடவைடி சொல்றது மக்குன்னு திட்டுவா, கோச்சுக்காதீங்க. உங்க கையைப் பிடிச்சு, பென்சிலைச் சேர்த்து அழுத்தி, பன்னண்டு வர்ற வரைக்கும் எழுத வைப்பா.

நான் புருஷன்னு அவளுக்கு எங்கம்மா தெரியுது? ட்யூஷனுக்கு வர்ற மக்குப் பையன். இருந்துட்டுப் போறேன். கையாவது பிடிக்கிறாளே, அந்தக் கொஞ்ச நேரந்தான் எனக்கு உசுரு.

சரியாப் போட்டா என்னவா? போட்டேனே ஒருநாள், பெரிய மேதாவியாட்டம் டக்குன்னு பன்னண்டுன்னு! கெட்டிக்காரன், இனி உனக்கு நான் வேண்டாம், வீட்டுக்குப் போன்னுட்டா. நான் எந்த வீட்டுக்குப் போவேன், சொல்லுங்க? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவ, அன்னைக்குப் பூரா ஒரு வாய் சாப்பிடல. அதிலேருந்து ஒழுங்கா தப்பாத்தான் போடறேன்.

இந்தப் பையா? என்னோடதுதான். ரெண்டு துணி, பல்லு விளக்குற பிரஷ்ஷு. நாளைக்கு எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் உங்களை வரச் சொன்னது.

இருங்க, டாக்ஸி வந்துடுச்சு போல.

நான் நல்லபடியா திரும்பிட்டா, புதுசா ஒரு மக்கு சேர்ந்திருக்கான் டீச்சர்னு சொல்லி உள்ள விடுங்க. வரலைன்னு வைங்க... அந்த மக்கு எங்கடின்னு கேப்பா, கண்டிப்பா கேப்பா. பாஸாயிட்டான்னு சொல்லிடுங்கம்மா.