நூற்றுப் பதினேழாம் தாள்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர் சங்கத் தலைவி அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் மூத்த செவிலியர் அம்மையாரின் கணவர் அவர்களே, அவருடைய அன்பு மகளே, எங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவில் பத்து நாற்காலிக்கு நூறு பேராக வந்து நிற்கும் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்! சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று வாசலிலேயே மடக்கிக் கேட்க வேண்டியவர் இதோ படமாகிச் சுவரில் இருக்கிறார். அதனால் நான் கேட்கிறேன். பின்னால் நிற்பவர்களில் தலை சுற்றுகிறவர்கள் யாராவது இருந்தால் முன்னால் வாருங்கள். மருத்துவர்கள் எழுந்து இடம் கொடுங்கள்!

என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அலுவலகத்தில் அழகாகத் தட்டச்சு செய்து ஒரு தாளும் கொடுத்தார்கள். தன்னலமற்ற சேவை, ஈடு செய்ய முடியாத இழப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாமே உண்மைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு நல்ல பிள்ளையாக இறங்கிப் போக எனக்கு மனம் வரவில்லை. நான் வேறொன்று சொல்ல வேண்டும். அதற்கு முன் அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு? ஒரு சொட்டு போதும், கருவி சொல்லிவிடும். அழுத்தம் எவ்வளவு? கையில் பட்டையைச் சுற்றினால் தெரிந்துவிடும். அசதி எவ்வளவு? அதைச் சொல்ல எந்தக் கருவி இருக்கிறது? "உடம்பே முடியலைங்க டாக்டர்" என்று எத்தனை ஆயிரம் பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்! "வயசாகுதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளில் அந்த ஒரு சொல்லை நான் நோயாளிச் சீட்டில் எழுதியதே இல்லை. எழுத வைத்தவர் நம் மூத்த செவிலியர் அம்மையார்.

எங்கள் காத்திருப்பு அறையை உங்களுக்குத் தெரியும். சுவரோரம் ஐந்து நாற்காலிகள், நடுவில் ஐந்து. ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார். "டாக்டர், அந்தப் பச்சைப் புடவை அக்காவைப் பாருங்க. நடுவுல இடம் காலியாத்தான் இருக்கு, உக்கார மாட்டேங்கறாங்க. மூணு மாசமா செவுரு நாற்காலிக்காகவே நிக்கறாங்க. முதுகைச் சாய்க்காம அவங்களால இருக்க முடியல." நான் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தேன். அந்த அக்காவுக்கு உடம்பில் பாதி இரத்தம்தான் இருந்தது! சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அது படவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணுக்குப் பட்டது.

அதற்குப் பிறகுதான் அசதியை அளக்க ஒரு ஆய்வு தொடங்கினோம். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை எண்கள். நோயாளி தன் நிலைக்கு ஏற்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பேனா வேண்டாம், பென்சில்தான் வேண்டும் என்று அம்மையார் என்னோடு மல்லுக்கு நின்றார். "மொதல்ல எல்லாரும் பொய்தான் சொல்லுவாங்க டாக்டர். ரெண்டாவதுதான் உண்மை வரும்." அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர் இருக்கும். ரப்பர் சிஸ்டர் என்று நீங்கள் வைத்த பெயர் அவருக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? நன்றாகத் தெரியும். என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு வைத்த பெயரையும் சொல்லியிருக்கிறார். அதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

தையல்காரர் ஒருவர், இதோ இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார், வந்து உட்கார்ந்தார். "பரவாயில்லைங்க சிஸ்டர், ரெண்டுன்னு போட்டுக்கறேன்."

"ரெண்டா? நேத்து கடையை எத்தனை மணிக்குச் சாத்தினீங்கண்ணே?"

"மத்தியானம் மூணு மணி இருக்கும்."

"வழக்கமா?"

"எட்டு."

"அந்த அஞ்சு மணி நேரம் என்ன பண்ணீங்க?"

"துணி மேலேயே படுத்துட்டேன் சிஸ்டர். வீட்டுல சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? இந்தாங்க ரப்பர்."

இரண்டு எட்டாக மாறியது. இப்படித்தான் நண்பர்களே, இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் உண்மையை வாங்கினார். மிரட்டி அல்ல, கெஞ்சியும் அல்ல. வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவர்களை நம்ப வைத்து வாங்கினார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

அம்மையாருக்கும் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. என்னிடம்தான் மருந்து வாங்கினார். சர்க்கரையைக் கண்ணும் கருத்துமாகக் கட்டுக்குள் வைத்திருந்தார். "சிஸ்டரைப் பாருங்க, அவங்களால முடியுது, உங்களால முடியாதா?" என்று உங்களில் எத்தனை பேரை நான் விரட்டியிருக்கிறேன்! அந்த ஆய்வில் நம் பிரிவில் மருந்து வாங்கும் எவரும் சேரலாம். "நீங்களும் ஒரு தாள் போடுங்க சிஸ்டர், எண்ணிக்கை கூடும்" என்று விளையாட்டாகச் சொன்னேன். போட்டாரா, போடவில்லையா என்று பிறகு கேட்கவே இல்லை. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல், உறையில் இட்டு ஒட்டப்பட்டு, அம்மையாரின் மேசை இழுப்பறையில் பூட்டியிருந்தது. அது ஆய்வின் விதி.

தாள்களைச் சரிபார்த்த அந்தப் பிற்பகலில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். நான் தாளைப் பார்த்துச் சொல்வேன், அவர் கணினியில் ஏற்றுவார். நூற்றுப் பதினேழாம் தாள் வந்தது. பெண், வயது ஐம்பத்து மூன்று, சர்க்கரை அருமையான கட்டுப்பாட்டில். ஆனால் பத்துக் கேள்விகளில் ஒன்பதுக்குப் பத்தைச் சுற்றி வட்டம்! எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் கூசாமல் நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "சர்க்கரை இவ்வளவு நல்லா இருக்கு, இவ்வளவு அசதி எப்படி வரும்? லீவுக்குச் சர்டிபிகேட் தேடற ஆளா இருக்கும். கணக்குலேர்ந்து அடிச்சிடுங்க."

"அடிக்கணுமா டாக்டர்?"

"ஆமா."

"அவங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே?"

"எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தா அப்புறம் தாள் எதுக்கு சிஸ்டர்?"

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்டார். "காரணம் என்னன்னு போடறது?"

"நம்பத்தக்கதல்லன்னு போடுங்க."

போட்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் போட்டார். "அடுத்தது சொல்லுங்க டாக்டர்" என்றார். நான் அடுத்ததைச் சொன்னேன்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அசதி குறைவு என்று எங்கள் ஆய்வு முடிந்தது. பெரிய அரங்கத்தில் நான் அதைப் படித்தேன். கைதட்டினார்கள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அம்மையாரும் கைதட்டினார். ஐந்து மாதம் கழித்து, ஒரு மாலை, வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு இதயம் கெடும்போது நெஞ்சு வலிக்காது. அசதியாகத்தான் காட்டும். இது எனக்குத் தெரியாதா? மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான்!

அன்று அவர் வீட்டில் அவருடைய கணவர், இதோ இருக்கும் இந்தப் பெரியவர், முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவர், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தினமும் வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம அந்த நாற்காலியில அரை மணி நேரம் உக்காந்திருப்பா டாக்டர். அன்னிக்கும் அப்படித்தான்னு நெனச்சு உள்ள போய் வேலையைப் பாத்துட்டேன். நான் கவனிச்சிருக்கணும். முடியலைன்னு ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொல்லாமப் போயிட்டாளே!" நான் அவர் தோளைத் தட்டி, "உங்க மேல தப்பில்லைங்க ஐயா" என்றேன். துக்க வீட்டில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

நான்காம் நாள், அம்மையாரின் பொறுப்புகளை வேறொருவரிடம் ஒப்படைக்க, தலைமை எழுத்தர் முன்னிலையில் அந்த உறையைப் பிரித்தோம். நூற்றுப் பதினேழுக்கு நேரே யார் பெயர் இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஏன் என்னிடம் சொல்லவில்லை? "டாக்டர், அது நான்தான்" என்று ஏன் சொல்லவில்லை? பல நாள் யோசித்தேன். பெயரை வெளியே விடக் கூடாது என்ற விதியைத் தன் விஷயத்திலும் காத்தார் என்று சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு, முடிவையும் முன்பே எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் யார்தான் சொல்வார்கள்? அடுத்தவர் தாளில் பொய்யை அழிக்க ரப்பர் கொடுத்தவர், தன் தாளில் உண்மையை எழுதினார். நான் அதை அழித்தேன். அழித்தது மட்டுமா? அவர் கையாலேயே அழிக்க வைத்தேன்!

அந்தத் தாளை மதித்து அன்றே அவர் இதயத்தைச் சோதித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்ல முடியாது. மீதி நாள் முழுக்க நான் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கப்போகிறேன், அது எனக்கு வேண்டியதுதான்.

அம்மாவின் பொருட்களை வாங்கிப்போக வந்த மகளிடம் இதைச் சொன்னேன். அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "என்கிட்ட சொல்லி என்ன டாக்டர் ஆகப்போகுது? அப்பா சாப்பிடாம அந்த நாற்காலியையே பாத்துக்கிட்டிருக்கார். அவர்கிட்ட சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றாள். சரியான கட்டளை. அதனால்தான் தட்டச்சு செய்த தாளை மடித்து வைத்துவிட்டு நிற்கிறேன்.

பெரியோர்களே! அந்த ஆய்வு முடிவைத் திரும்பப் பெறுவதாக நேற்று எழுதி அனுப்பிவிட்டேன், காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன். நூற்றுப் பதினேழாம் தாள் மீண்டும் சேர்க்கப்படும். நான் அடிக்கச் சொன்ன இன்னும் ஆறு தாள்கள் உண்டு. அந்த ஆறு பேரையும் வரவழைத்துவிட்டோம், நாளைக் காலை முதல் சோதனை. கணக்கிடும் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். இனி எங்கள் பிரிவில் ஊசி குத்துவதற்கு முன் அசதி கேட்கப்படும். கேட்பவர் செவிலியர். அவர் எழுதியதை அடிக்க எந்த மருத்துவருக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை. நம் செவிலியர்களையும் மாதம் ஒருமுறை உட்கார வைத்துக் கேட்போம். இது அம்மையார் தொடங்கிய வேலை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்து இதைச் செய்ய வையுங்கள் என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா, கடைசியாக உங்களிடம் ஒன்று. அன்று உங்கள் மேல் தப்பில்லை என்றேன், ஆறுதலுக்காக. இன்று அதையே தெரிந்து சொல்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள் என்று இனிமேல் சொல்லாதீர்கள். உங்கள் மனைவி சொன்னார், ஐயா. என்னிடம்தான் சொன்னார்.